லூனபுர்க் ஹைடே: இரண்டு நாள் பயணமும் நான் எடுத்துவிட்ட இரண்டு அடுக்கும்

ஓகஸ்ட் கடைசியில், ஒரு செவ்வாயும் புதனும், லூனபுர்க் ஹைடேக்குப் போய் வந்தேன். ஹம்பேர்க்குக்கும் ஹனோவருக்கும் நடுவில் கிடக்கும் பெரிய பற்றைவெளி அது. ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நிலம் முழுக்க ஊதாவாகப் பூத்திருக்கும். படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு அதுதான் சரியான காலம். நான் படம் எடுக்கப் போகவில்லை. ஒரு துப்பாக்கி சுடுவதைப் பார்க்கப் போனேன்.

பீலெஃபெல்ட் புறநகரில் ஒரு நிறுவனத்தில் பொறியியலாளனாக வேலை செய்கிறேன். பெயர் சொல்ல முடியாது. கவச வாகனத்தின் கூரையில் பூட்டும் துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்க ஒரு சட்டம் வேண்டும். வழக்கமாக அது உருக்கில் இருக்கும். உருக்கு பாரம். கூரையில் பாரம் ஏறினால் வாகனம் வளைவில் சரியப் பார்க்கும். துப்பாக்கியைத் திருப்பும் மோட்டரும் பெரிதாக வேண்டும். அதனால் அதே சட்டத்தைக் கார்பன் நாரில், துணி துணியாக அடுக்கிப் பிசின் ஊற்றி, அடுப்பில் வேகவைத்துச் செய்கிறோம். எடை எவ்வளவு குறைகிறது என்று எழுத அனுமதி இல்லை. ஒருவர் தனியாகத் தூக்கி வான் வண்டியில் வைக்கலாம் என்பதோடு விடுகிறேன்.

அகதியாக வந்தவர்களின் பிள்ளை ஆயுதத்துக்குச் சட்டம் செய்கிறான் என்று பின்னூட்டத்தில் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சண்டையை வீட்டில் அம்மாவோடு பிடித்தாகிவிட்டது. அவரும் வெல்லவில்லை, நானும் வெல்லவில்லை. சொந்தக்காரரிடம் அவர் "சைக்கிள் சாமான் செய்யிறான்" என்று சொல்லிக்கொள்கிறார். இந்தப் பதிவில் எனக்கிருக்கும் வெட்கம் வேறு.

பயணத்துக்கு முன்பு நடந்ததைச் சொல்லாமல் பயணத்தைச் சொல்ல முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்தச் சட்டத்தில் ஆணி பூட்டும் இடங்களில் அலுமினியக் குழல்கள் பதித்திருக்கும். கார்பனும் அலுமினியமும் நேரே தொட்டுக்கொண்டு, இடையில் உப்பு ஈரமும் சேர்ந்தால், அது ஒரு சின்ன மின்கலம். அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப்பட்டு வெள்ளைப் பொடியாகும். அதைத் தடுக்க இரண்டுக்கும் நடுவில் இரண்டு அடுக்குக் கண்ணாடி நார் வைப்பது வழக்கம். முதலாம் வருட மாணவனுக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் ஏப்ரல் மாதம் எடை இலக்குக்குத் தொண்ணூறு கிராம் கூடிப் போயிருந்தேன். ஒன்றரை முட்டையின் எடை. வேறு எங்கு குறைப்பது என்று யோசிக்கப் பொறுமை இல்லை. பிசினே போதிய தடுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு கண்ணாடி அடுக்கையும் வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

அந்தச் சட்டத்தை அடுக்கிச் செய்தவர் குகன் அண்ணை. வயது நாற்பத்தொன்பது, பீலெஃபெல்ட்காரர். எங்கள் பட்டறைக்கு வருமுன் பாய்மரப் படகு கட்டும் இடத்தில் பதினாறு வருடம் இதே கைவேலை. நான் சேர்ந்த முதல் நாள் அவரை அங்கிள் என்று கூப்பிட்டேன். "அங்கிள் எண்டாயெண்டா தலையில ரெசின் ஊத்துவன். அண்ணை எண்டு சொல்லு" என்றார். பிறகு பட்டறை முழுக்கக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு ஜெர்மன்காரனிடமும், "இவர்தான் புதுப் பொறியியலாளர்" என்று ஏதோ தன் வீட்டுக் கலியாணம் போல அறிமுகப்படுத்தினார்.

எங்கள் பட்டறையில் ஒரு விதி உண்டு. வரைபடத்தில் சந்தேகம் வந்தால் மஞ்சள் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது தரப்பிரிவுக்குப் போகும். பொறியியலாளர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அண்ணை அந்தப் படிவத்தை எழுதவில்லை. கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, தமிழில், தணிந்த குரலில் கேட்டார்.

"தம்பி, குழலைச் சுத்திக் கண்ணாடியைக் காணேல்லை. மறந்திட்டியோ?"

"மறக்கேல்லை அண்ணை. வரைபடத்தில இருக்கிறதைச் செய்யுங்கோ."

என்னுடைய வாய் அப்படி. அவர் செய்தார்.

யூலையில், அரிப்பைச் சோதிக்கும் உப்புப் புகை அறையில் வைத்து எடுத்த பிறகு, முதல் சுடுதலிலேயே ஒரு குழல் கழன்றது. யாருக்கும் காயம் இல்லை. குழலைச் சுற்றி வெள்ளைப் பொடி இருந்தது. காரணம் எழுதும் அறிக்கை என் பொறுப்பு, ஏனென்றால் எங்கள் பொறியியலாளர்களில் கார்பன் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பொடி என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். "ஒட்டும் பரப்பு முறையாகச் சுத்தம் செய்யப்படாமல் இருந்திருக்கக்கூடும்" என்று எழுதினேன். அந்தக் "கூடும்" என்ற சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

சுத்தம் செய்வது அடுக்குபவரின் வேலை. ஆகவே அண்ணையின் முத்திரையை நிறுத்திவைத்தார்கள். இராணுவப் பாகங்களைச் செய்ய அனுமதி பெற்ற ஒவ்வொருவரிடமும் இலக்கமிட்ட ஒரு முத்திரை இருக்கும். அது இல்லாதவர் அந்த மேசையைத் தொட ஏலாது. அண்ணையைப் பொதி கட்டவும் வான் ஓட்டவும் மாற்றினார்கள். நான் அடுத்த வாரம் வரைபடத்தைத் திருத்தி, கண்ணாடி அடுக்குகளை மெல்ல உள்ளே வைத்து, காரணம் என்ற கட்டத்தில் "உற்பத்தி வசதிக்காக" என்று போட்டேன். புதிய சட்டத்தை வேறொருவர் செய்தார். அதைச் சுட்டுப் பார்க்கத்தான் இந்தப் பயணம். புதியது தாக்குப்பிடித்தால், முதல் சட்டம் கைவேலைப் பிழையால் போனது என்று கோப்பை மூடி, அண்ணையின் முத்திரையை நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள். என் சட்டம் நன்றாக நிற்க நிற்க அவர் ஆழமாகப் புதைவார். ஹைடேக்கு வான் ஓட்டும் முறை அன்று அண்ணைக்கே வந்திருந்தது.

இனிப் பயணம்.

நான் இருக்கும் எசனிலிருந்து 05:52 பிராந்திய ரயில். பீலெஃபெல்டுக்கு 07:44. மாதாந்த டிக்கெட் இருந்தால் தனிச் செலவு இல்லை. 08:05க்கு வான் புறப்பட்டது. பீலெஃபெல்டிலிருந்து ஏ2 வழியாக ஹனோவர், பிறகு ஏ7இல் வடக்கே, சோல்டாவ் பக்கம் இறங்கினால் சுடுதளம் இருக்கும் முன்ஸ்டர். மொத்தம் 203 கிலோமீட்டர். வழிகாட்டியில் பெயர் போடும்போது கவனம்: ஜெர்மனில் u எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்த மியூன்ஸ்டர் வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கிறது. அங்கே போய் டாங்கி தேடினால் சைக்கிள்தான் கிடைக்கும்.

ஹனோவர் வரை அண்ணை கால்பந்து பற்றிப் பேசினார். நான் தலையாட்டினேன். 09:50க்கு ஏ7இல் ஓய்விடத்தில் நிறுத்தினோம். கழிப்பறைக்கு ஒரு யூரோ, கோப்பி நான்கு யூரோ பத்து சதம், அதுவும் சுடுதண்ணீர் மாதிரி. வானின் பின்கதவைத் திறந்து கட்டுகள் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சட்டத்தோடு போகும், எந்த அடுக்கு எங்கே என்று எழுதிய அடுக்குத் தாள் நெகிழியுறைக்குள் தெரிந்தது. பொதி கட்டியவர் அவர்தான். கதவை மூடிவிட்டு, கோப்பியை ஊதிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு கண்ணாடியும் வந்திட்டுது போல."

"ஓம் அண்ணை" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

"நல்லது. இது நிக்கும்" என்றார். ஏறி வானைக் கிளப்பினார்.

அவருக்குத் தெரியும். அறிக்கையில் நான் என்ன எழுதினேன் என்பதும் தெரியும். அதன் பிரதியை அவருக்கும் கொடுத்திருந்தார்கள். மீதி எழுபது கிலோமீட்டர் கால்பந்துகூட இல்லை.

10:55க்குச் சுடுதளத்தின் வாசல். கைபேசிகளை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் படம் இல்லை. எங்கள் தரப்பிரிவுத் தலைவி ஃப்ராவ் கெர்லாக் முன்கூட்டியே வந்திருந்தார். நேர்மையான மனிதர், தாளில் இருப்பதை மட்டும் நம்புகிறவர். தாளில் இருந்தது என் பொய் என்பது அவர் குற்றமில்லை. பன்னிரண்டு மணிக்குச் சுடத் தொடங்கினார்கள். காதுமூடி போட்டாலும் சத்தம் நெஞ்சுக்குள் வந்து இடிக்கும். மூன்று மணிக்கு நிறுத்தினார்கள். சட்டம் அசையவில்லை. யாரோ கைதட்டினார். என் வாழ்க்கையில் நான் வரைந்த ஒன்று முதல் தடவையாக வேலை செய்தது. நான் காதுமூடியைக் கழற்றாமல் நின்றேன்.

ஃப்ராவ் கெர்லாக் என்னிடம் கைகொடுத்து, அண்ணைக்குக் கேட்கும் தூரத்தில், "பார்த்தீர்களா, வரைபடத்தில் ஒன்றும் பிழையில்லை. சுத்தமாக வேலை செய்தால் போதும்" என்றார். அண்ணை கட்டுப்பட்டிகளைச் சுருட்டிக்கொண்டு நின்றார். நான் நன்றி சொன்னேன். ஆம், நன்றி.

சட்டத்தின் உட்பக்கத்தை மறுநாள் காலை ஒலியலைக் கருவியால் சோதிக்க வேண்டும், அதனால் தங்கல். உண்டெலோ என்ற ஊரில் நிறுவனம் இரண்டு தனி அறை எடுத்திருந்தது. முன்ஸ்டரிலிருந்து 43 கிலோமீட்டர், வானில் முக்கால் மணி. காலை உணவோடு அறைக்கு 74 யூரோ. ஓகஸ்டில் போவதென்றால் மூன்று மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். ஊருக்கு அப்பால் வாகனம் விடமாட்டார்கள். குதிரை வண்டி அல்லது நடை. வில்சேடே என்ற சின்ன ஊர் வரை நான்கு கிலோமீட்டர், மணல் பாதை. சாதாரணச் சப்பாத்து போதும்.

ஐந்து மணிக்கு நடந்தோம். அண்ணைதான், "அறைக்குள்ள இருந்து என்ன செய்யிறது, வா" என்றார். இரண்டு பக்கமும் ஊதா. அடிவானம் வரை ஊதா. கொம்புள்ள சாம்பல் ஆடுகள் பாதையைக் கடந்தன. அண்ணை மகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பினார். வில்சேடேயில் கறுத்தக் கோதுமைக் கேக்கும் கோப்பியும் ஆளுக்கு ஏழு யூரோ ஐம்பது. கேக் நன்றாக இருக்கும் என்று சொல்கிறார்கள். நான் பாதியை விட்டுவிட்டேன். அதையும் அண்ணை சாப்பிட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். நாங்கள் இருவரும் மட்டும். மரமேசை, நல்ல வெயில், பக்கத்தில் யாருக்கும் தமிழ் விளங்காது. நான் கேட்டது இதுதான்: "அண்ணை, நீங்கள் ஏன் அந்த மஞ்சள் படிவத்தை எழுதேல்லை?"

குற்றவாளி கேட்கும் கேள்வியா இது? ஆனால் கேட்டேன். பழியில் கொஞ்சத்தை அந்தப் பக்கம் தள்ளப் பார்த்தேன் என்பது இப்போது விளங்குகிறது.

அவர் முள்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நீ வந்து மூண்டு மாசம். எங்கட பொடியன் ஒருத்தன் இப்பத்தான் மேல வந்திருக்கிறான். முதல் வரைபடத்திலயே நான் எழுதிக் குடுத்தா அவங்கள் என்ன நினைப்பாங்கள்? அதான் உன்னட்டச் சொன்னன். உன்னட்டச் சொன்னாக் காணும் எண்டு நினைச்சன்."

திரும்பி நடக்கும்போது அவர் முன்னால், நான் பின்னால்.

புதன் காலை சோதனை முடிய நேரம் எடுக்கும் என்றார்கள்; கூட்டம் ஒரு மணிக்கு. பத்திலிருந்து பன்னிரண்டு வரை முன்ஸ்டரில் உள்ள டாங்கி அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். இருவருக்கும் இருபது யூரோவுக்குள் முடிந்தது. பெரிய மண்டபங்கள், நிறைய இரும்பு. திங்களில் பூட்டியிருக்கக்கூடும், பார்த்துவிட்டுப் போங்கள். பழைய டாங்கி ஒன்றின் துப்பாக்கித் தாங்கியைக் காட்டினேன். கைப்பருமனான உருக்கு வார்ப்பு.

"இதைப் பார் தம்பி," என்றார் அண்ணை. "ஆனைக்குத் தொட்டில் கட்டின மாதிரி. பாரம்தான். ஆனா ஒருத்தரிலயும் பழி போடாமல் எண்பது வருசமா நிக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் வெளியே போய் வானுக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஒரு மணிக் கூட்டம் சுடுதள வாசலில் ஒரு கொள்கலன் அறையில். ஃப்ராவ் கெர்லாக், நான், அண்ணை. சோதனையிலும் ஒரு கீறல் இல்லை. ஃப்ராவ் கெர்லாக் கோப்பைத் திறந்து, இரண்டு பக்கத் தாளை அண்ணையின் பக்கம் திருப்பினார். முத்திரையை நிரந்தரமாகத் திரும்ப ஒப்படைப்பதாக ஒப்புதல். "ஹெர் குகதாசன், நீங்கள் மறுக்கலாம், எழுத்தில் காரணம் தரலாம்" என்றும் சொன்னார். அண்ணை சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தாளில் திகதியை எழுதத் தொடங்கினார்.

"அவர் சுத்தம் செய்தது சரி," என்றேன். "பிழை என்னுடையது. கண்ணாடி அடுக்கை நான்தான் எடுத்தேன். வெள்ளைப் பொடி அரிப்பு, அழுக்கு இல்லை. அது எனக்குத் தெரிந்தே அறிக்கை எழுதினேன்."

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. "ஏப்ரலிலேயே அவர் எனக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை" என்றும் சேர்த்துவிட்டேன். அவருக்கு உதவுகிறேன் என்று நினைத்தேன்.

ஃப்ராவ் கெர்லாக் என்னை விட்டுவிட்டு அண்ணையிடம் திரும்பினார். "உங்களுக்கு அப்போதே தெரியுமா?"

"யா."

"தெரிந்துகொண்டே செய்தீர்களா? ஏன் படிவம் இல்லை?"

அண்ணை பேனையின் மூடியைப் போட்டார். அவர் ஜெர்மனில் சொன்ன பதில் மூன்று சொல்.

"அவர் புதிது அப்போது."

அந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஃப்ராவ் கெர்லாக்குக்குத் தெரியவில்லை. பிறகு தன் வேலையைச் செய்தார். சுத்தம் செய்யாத குற்றம் அடிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று: பிழை தெரிந்தும் எழுத்தில் அறிவிக்காமல் இராணுவப் பாகம் செய்தது. நிரந்தரம் இல்லை, ஆனால் மறுபரீட்சையில் தேறும்வரை முத்திரை கிடையாது. எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை. என் கோப்பில் ஒரு தாள். அவருக்கு, பதினாறு வருடத்துக்கு மேல் செய்த கைவேலைக்கு, இருபது வயதுப் பிள்ளைகளோடு இருந்து பரீட்சை.

14:20க்குப் புறப்பட்டோம். ஏ7இல் ஏறியதும் அண்ணை பேசினார். கத்தவில்லை.

"உன்ர பிழையைச் சொல்லுறதெண்டா யூலையில சொல்லியிருக்கோணும். இண்டைக்குச் சொன்னாலும் உன்ர பிழையோட நிப்பாட்டியிருக்கோணும். நான் உன்னட்டத் தனியச் சொன்னதை ஏன் அங்க இழுத்தனீ?"

"அண்ணை, உங்களுக்கு நல்லதெண்டு..."

"எனக்கு நல்லதோ? உனக்குத் தாங்கேலாமப் போச்சு. அதான் இறக்கி வைச்சனீ. எங்க இறக்கிறாய் எண்டு பாக்கேல்லை."

நான் படித்ததெல்லாம் பாரம் எங்கே இறங்குகிறது என்பதைக் கணக்கிடத்தான். 17:05க்குப் பீலெஃபெல்ட் நிலையத்தில் இறக்கிவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். "சரி, உன்ர ரெயின் வரப்போகுது" என்றார்.

இப்போது செப்டெம்பர். பட்டறையில் காலை வணக்கம் ஜெர்மனில் சொல்கிறார். என் வரைபடத்தில் சந்தேகம் வந்தால் மஞ்சள் படிவம் வருகிறது, பிழையில்லாத ஜெர்மனில், கையெழுத்தோடு. நான் எழுத்தில் பதில் சொல்கிறேன். விதிப்படி எல்லாம் சரியாக நடக்கிறது. கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நான் நின்றால் அவர் பிறகு வருகிறார்.

ஹைடேக்குப் போக விரும்புகிறவர்களுக்கு: இரண்டு நாள் போதும். வார நாளில் போங்கள், சனி ஞாயிறில் உண்டெலோவில் வான் நிறுத்த இடம் கிடைக்காது. தண்ணீர் கொண்டுபோங்கள். வில்சேடேக்குப் போகும் பாதையில் நிழல் குறைவு. கூடப் போகிறவரிடம் சொல்ல ஏதாவது இருந்தால் நாலு கிலோமீட்டர் நடந்து போய்ச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டிலேயே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

அண்ணையின் பரீட்சை அடுத்த வியாழன், ஹம்பேர்க்கில், காலை பத்து மணிக்கு. என்னுடைய காரில் கூட்டிப் போகிறேன் என்று கேட்டேன். வேண்டாம், ரெயினில் போவேன் என்றார். அதனால் ரயில்களைப் பார்த்து, எந்த மேடை, எத்தனை நிமிடம் என்று எழுதி அனுப்பினேன். வாசித்துவிட்டார் என்று கைபேசி காட்டுகிறது. பதில் இல்லை. பீலெஃபெல்டிலிருந்து காலையில் ஹம்பேர்க் போகிற எல்லோருக்கும் அதையே சொல்கிறேன்: ஹனோவரில் மாறுவதற்கு ஏழு நிமிடம் தருகிற அந்த ரயிலை நம்பாதீர்கள். முந்தையதை எடுங்கள், ஒரு மணி நேரம் குளிரில் நின்றாலும் பரவாயில்லை.